பேச்சியம்மாள் பிடித்த பல்லி

பிப்ரவரி 13, திங்கள்

ஓய்வு பெறும் நாள் வரை செய்கிற வேலையை எல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள், அடுத்து வருகிறவருக்கு ஒப்படைக்க வசதியாக இருக்கும் என்றார் கல்லூரி முதல்வர். அதற்காகத்தான் இந்த நோட்டு. எழுதுபவள் சண்முகவடிவு, விலங்கியல் ஆசிரியை, துறை அருங்காட்சியகப் பொறுப்பாளர், மே 31 வரை.

இன்று முதல் மூன்று அலமாரிகளுக்கு ஸ்பிரிட் நிரப்பினேன். பாம்புகள்தான் அதிகம் குடிக்கின்றன. இரண்டு பாட்டில்களின் மூடி வெடித்திருக்கிறது. தேள் பெட்டியில் கரையான். வெயிலில் வைத்தேன்.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் தவ்லத் நிஷா என்ற பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். மேலப்பாளையத்துக்காரியாம். தென்னிந்தியப் பல்லிகள் எல்லாவற்றையும் டி.என்.ஏ. வைத்து ஒரே மரமாக வரையப் போகிறாளாம். ஐந்தாம் அலமாரியில் இருக்கும் என் பல்லியிலிருந்து ஒரு துணுக்கு சதை வேண்டும் என்கிறாள்.

'என் பல்லி' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். ஆனைக்கல் பொத்தை என்ற பாறைக்குன்றில் வாழும் அந்தப் பாறைப்பல்லி தனி இனம் என்று பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவள் நான். அதன் லத்தீன் பெயரின் பின்பாதி 'பேச்சியே'. என் அக்கா பேச்சியம்மாளின் பெயர். அப்பா செத்த பிறகு பீடி சுற்றி என்னை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தவள். அத்தான் காலமானதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தைகள் இல்லை. "எனக்குப் பெறவு பேரு சொல்ல ஒரு பல்லி இருக்குல்லா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். விளையாட்டாகச் சொல்கிற மாதிரி இருக்கும், ஆனால் விளையாட்டு இல்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

நிஷா வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பாட்டில்களைத் தொடும் முன் கேட்டுக்கொண்டு தொட்டாள், அது பிடித்தது.

பேச்சியே இனத்தில் எங்களிடம் இருப்பது மூன்று உடல்கள். இரண்டு பெண், ஒரு ஆண். பெண் இரண்டும் ஃபார்மலினில் ஊறியவை. அதில் முதலாவதுதான் மூல மாதிரி, அதாவது பெயர் எதைச் சேர்ந்தது என்ற கேள்வி வந்தால் பதில் சொல்லும் உடல். ஃபார்மலினில் ஊறியதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியமாம். ஆண் மட்டும் நேராக ஸ்பிரிட்டில் போடப்பட்டது.

"அப்போ ஆண்லருந்து எடுத்துக்கிடட்டுமா மேடம்?" என்றாள்.

கொஞ்சம் தயங்கினேன். வெயில் காரணமாக இருக்கலாம். பிறகு எடுத்துக்கொள் என்றேன்.

மதியம் வீட்டில் சாப்பாடு. சொதியும் உருளைக்கிழங்குக் காரக்கறியும். அக்கா தன் கதையை ஆரம்பித்தாள். "அந்த ஆம்பளப் பல்லிய நாந்தாம்மா பிடிச்சுக் குடுத்தேன். கெணத்தடியில உக்காந்து பீடி சுத்திக்கிட்டிருந்தேன், செவத்துல அசையாம இருந்துது. சிரட்டையக் கவுத்து ஒரே அமுக்கு." நிஷா சிரித்தாள். நான் இஞ்சித் துவையலை அவள் பக்கம் நகர்த்தி, அக்கா சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும் என்றேன். அக்கா சோறு போட்டாள்.

பிப்ரவரி 22, புதன்

ஸ்பிரிட் வந்தது. மூடிகள் வரவில்லை.

மார்ச் 9, வியாழன்

பறவை முட்டைப் பெட்டிகளைத் துடைத்தேன். நிஷா போன் செய்தாள். மரம் பாதி வளர்ந்திருக்கிறதாம். ஒரு மணி நேரம் பேசினோம், அதில் முக்கால் மணி நேரம் சண்டை.

நான் செதில் எண்ணுகிறவள். உதட்டோரம் எத்தனை செதில், விரலடியில் எத்தனை மடிப்பு, ஆணின் தொடையில் எத்தனை துளை. ஒன்றுபோல இருப்பவற்றை ஒன்றாக வைப்போம், வேறாக இருப்பவற்றைப் பிரிப்போம். அவள் கூட்டத்தார் அப்படி இல்லை.

"யாரு யார மாதிரி இருக்காங்கன்னு நாங்க கேக்கதில்ல மேடம். யாரு யாருகிட்டருந்து எப்போ பிரிஞ்சாங்கன்னு கேக்கோம். ஒரு மூதாதை, அதுக்குப் பொறந்த அத்தனை பேரும், ஒருத்தரயும் விடாம. அப்பத்தான் அது ஒரு கூட்டம்."

"அப்போ ஊர்வன?"

"பறவைகள உள்ள சேக்காம ஊர்வனன்னு ஒரு கூட்டமே கெடையாது. முதலைக்குப் பல்லிய விட கோழிதான் நெருக்கம். ஒரு பொதுப் பாட்டன்கிட்டருந்து பல்லி வழி மொதல்ல பிரிஞ்சு போயிட்டு. முதலையும் கோழியும் அதுக்குப் பெறகு ரொம்பக் காலம் ஒண்ணாத்தான் வந்துச்சு."

எனக்கு இது தெரியாமல் இல்லை. புத்தகங்கள் மாறி எத்தனையோ ஆண்டு ஆகிறது. ஆனாலும் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் 'ஊர்வன' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கோடு போட்டவளுக்கு, அந்தக் கோட்டைப் போனில் ஒரு பெண் அழிப்பது அவ்வளவு சுகமாக இல்லை.

அக்காவிடம் சொன்னேன். "கோழியும் முதலையும் ஒரு வீட்டுப் பிள்ளையளா?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, "ரெண்டும் முட்டய காவல் காக்கும்லா, அது செரிதான்" என்றாள். பல்லிகள் பெரும்பாலும் இட்டுவிட்டுப் போய்விடும். இத்தனை ஆண்டுகளில் அதைக் கோத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

மார்ச் 20, திங்கள்

நிஷா அனுப்பிய படம் வந்தது. மரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வரைந்திருக்கிறாள். பேச்சியே தனிக் கிளையாக இல்லை. வீட்டுச் சுவரிலும் கிணற்றடியிலும் திரியும் சாதாரணச் சுவர்ப்பல்லியின் கிளைக்குள், அதன் சிறு சுள்ளிகளுக்கு நடுவே, ஒரு சுள்ளியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே இனம் என்று பொருள். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்த பெயர் நிற்கும், இளையது விழும். சுவர்ப்பல்லியின் பெயர் நூற்றைம்பது ஆண்டு மூத்தது.

போனில் அவள் குரல் இறங்கியிருந்தது. "மேடம், உங்க அக்காட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. உங்களுக்கு வேற எதாவது தோணிச்சுன்னா சொல்லுங்க. நான் அவசரப்பட மாட்டேன்."

தோன்றவில்லை என்றேன்.

மார்ச் 21, செவ்வாய்

அக்காவிடம் சொல்லவில்லை. மூடிகள் வந்தன, அளவு சரியில்லை.

மார்ச் 27, திங்கள்

எதிர்வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரர்களிடம் அக்கா மறுபடியும் சிரட்டைக் கதை. நான் உள்ளே இருந்தேன். "எந்தங்கச்சி நம்பாம பேசுவா. ஆனா பிடிச்சது நாந்தான்" என்றாள். மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை, உளுந்தைச் சும்மா இரண்டு முறை ஓட்டினேன்.

ஏப்ரல் 5, புதன்

பங்குனி உத்திரம். எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயில் ஆனைக்கல் பொத்தையின் அடிவாரத்தில், குளத்தங்கரையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சனம் எங்கெங்கிருந்தோ வரும். மும்பையிலிருந்து ஒரு குடும்பம், தமிழ் திக்கித் திக்கிப் பேசுகிறது. தூத்துக்குடி உப்பளத்து ஆள் ஒருவர் கன்னங்கரேல் என்று இருந்தார், அவர் பக்கத்தில் பொங்கலிட்ட பெண் சுண்ணாம்பு வெள்ளை. எல்லோரும் பங்காளிகள். ஒரே சாஸ்தா என்றால் அண்ணன் தங்கை முறை, கொள்வினை கொடுப்பினை கிடையாது. போன வருடம் பேசி முடித்த சம்பந்தம் ஒன்று இந்த வாசலில்தான் முறிந்ததாம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பொங்கல் பானையோடு எதிரெதிரே வந்து நின்றிருக்கிறார்கள்.

நிழலில் உட்கார்ந்து அக்காவிடம் சும்மா கேட்டேன். "நம்ம தெருப் பெருமாளம்மா உன்ன மாதிரியே இருக்கா. ரெட்டைப் பிள்ளைன்னு எல்லாரும் கேக்காங்க. அவ நமக்குச் சொந்தமில்லையா?"

"மூஞ்சி ஒண்ணுபோல இருந்தா? அவளுக்குச் சாஸ்தா வேறல்லா. இந்தா, இந்தியில பேசிக்கிட்டு நிக்கானே பம்பாய்க்காரன், அவன்தான் நமக்குச் சொந்தம்."

நிஷா ஒரு மணி நேரம் சொன்னதை அக்கா எலுமிச்சம்பழச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து பார்த்தால் பொத்தை முழுவதும் தெரியும். நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். எங்கள் பழைய வீடும் இந்த ஊரில்தான் இருந்தது, மேலத்தெருவில். விற்றுவிட்டோம்.

ஏப்ரல் 6, வியாழன்

இந்தப் பக்கங்களை ஒப்படைப்பில் சேர்க்கக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் எந்தப் பாட்டிலுக்கும் ஸ்பிரிட் ஊற்ற முடியவில்லை.

அக்கா சொல்வது உண்மை. ஒரு எழுத்து விடாமல் உண்மை.

அன்று பொத்தையின் உச்சிப் பாறை இடுக்கில் எனக்குக் கிடைத்தவை இரண்டும் பெண். கட்டுரையை அனுப்பினேன். ஆண் இல்லாமல் எப்படி, தொடைத் துளை எத்தனை என்று எழுதாமல் புது இனம் என்று எப்படி ஏற்பது என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயமான கேள்வி. மூன்று முறை பொத்தை ஏறினேன். ஆண் கிடைக்கவில்லை. நான்காவது முறை பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது காலில் சுளுக்கு, ஏற முடியவில்லை. சோர்ந்து உட்கார்ந்திருந்த என் முன்னால் அக்கா ஒரு சிரட்டையை வைத்து, "ஏட்டி வடிவு, இந்தா ஒன் ஆம்பளப் பல்லி" என்றாள். கையில் ஃபார்மலின் கூட இல்லை. கல்லூரியிலிருந்து கொண்டு வந்திருந்த ஸ்பிரிட்டில் போட்டேன்.

பாட்டிலுக்குள் போடும் சீட்டில் எழுதினேன்: ஆனைக்கல் பொத்தை, உச்சிப் பாறை. பிடித்தவர்: சு. சண்முகவடிவு.

அது வேறு இனம் என்று தெரிந்தே செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். முதுகுப் பருக்கள் சிறியவையாக இருந்தன, வால் கொஞ்சம் தடித்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஒவ்வாத உறுப்பை மறைக்க இதைவிடச் சௌகரியமான திரை இல்லை. பொத்தையிலிருந்து கிணற்றடி ஒன்றரை மைல்தானே, ஒரு பல்லி இறங்கி வராதா என்றும் நினைத்தேன். தொடைத் துளை பக்கத்துக்குப் பதினான்கு. எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அதற்கு அக்காவின் பெயரைச் சூட்டினேன், அவளுக்குச் செய்யும் மரியாதை என்று நம்பிக்கொண்டு.

நிஷா வெட்டியது அந்த ஆணின் வாலிலிருந்து. கிணற்றடிப் பல்லி கிணற்றடிப் பல்லியின் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. மரம் சரி. சீட்டுதான் பொய்.

நான் வாயை மூடிக்கொண்டால் பெயர் விழும், ஆனால் கௌரவமாக விழும். செதில் எண்ணிய காலத்துப் பிழை என்று ஒரு வரியில் முடிந்துவிடும். மே 31 அன்று மாலை போட்டு அனுப்புவார்கள். வாயைத் திறந்தால் அக்காவின் பெயர் ஒருவேளை பிழைக்கும். பெயர் மூல மாதிரியான அந்தப் பெண் பல்லியைச் சேர்ந்தது, ஆணைச் சேர்ந்தது அல்ல. ஆனால் என் பெயர் பிழைக்காது. இதில் உண்மைக்காகச் சொல்கிறேனா, அக்காவின் பெயருக்காகச் சொல்கிறேனா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 8, சனி

நிஷாவிடம் சொன்னேன். போனில்தான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இத எழுத்துல குடுப்பீங்களா மேடம்? கட்டுரையில போடணும். உங்க பேரோட."

தருகிறேன் என்றேன்.

"பொத்தையிலருந்து புதுசா ஒண்ணு வேணும். ஒருவேளை அதுவும் சுவர்ப்பல்லியாவே வந்துச்சுன்னா நீங்க சொன்னது வீணாப் போயிரும். யோசிச்சுக்கிடுங்க."

யோசித்துவிட்டேன் என்று சொன்னேன். யோசித்திருக்கவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

அக்காவிடம் சொல்ல நாள் முழுக்க ஆயிற்று. சாயங்காலம் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் போகலாம் என்பதையும் சொன்னேன். அவள் கீரையை நிறுத்தவில்லை.

"நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.

"ஆமா."

"வாறவங்க போறவங்க கிட்டல்லாம் என்னப் பொய்க்காரியாக்கிட்ட. நானே ஒரு நேரம் நெனச்சேன், நாமதான் கனாக் கண்டுட்டு சொல்லுதோமோன்னு. படிச்சவ சொல்லுதாளே."

பெயர் போவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுதேன். என் வயதில் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. அக்கா எழுந்து போய்க் கீரையை அடுப்பில் போட்டுவிட்டு, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஏப்ரல் 10, திங்கள்

அக்கா பேசவில்லை. ஆமைகளுக்கு வார்னிஷ் அடித்தேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

நிஷா வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு வந்தாள். காரில் நான், அவள், அக்கா. வருகிறேன் என்று அக்காவே புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "ஒன் முட்டிக்கு எண்ணெ தேச்சியா?"

அக்கா சாஸ்தா கோயில் நிழலில் இருந்தாள். நாங்கள் காலை ஏழுக்கு ஏறினோம். என் முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. பகலில் இந்தப் பல்லிகள் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்தால் இன்னும் உள்ளே போய்விடும். பாக்கெட் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி இடுக்குக்குள் விட வேண்டும். நிஷாவுக்கு இது தெரியவில்லை. கண்ணாடி கொண்டு போனது நான்.

பத்து மணிவரை ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவது இடுக்கில் ஒரு பெண், முட்டை ஒட்டியிருந்த பாறையின் பக்கத்தில். அதற்கு ஒரு முழம் தள்ளி, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் மூன்று முறை ஏறியும் எனக்கு அகப்படாத ஆண்.

நிஷா பிடித்து மல்லாத்திக் காட்டினாள். லென்ஸ் வைத்துத் தொடைத் துளைகளை எண்ணினேன். பக்கத்துக்கு ஆறு. இன்னொரு முறை எண்ணினேன். ஆறுதான்.

பதினான்கு இல்லை. ஆய்வகத்துக்குப் போகும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று செதில் எண்ணியது என்னை ஏமாற்றவில்லை. பருக்கள் வேறு, வால் வேறு என்று அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது, காதில் வாங்காதவள் நான்.

இரண்டின் வால் நுனியையும் அரை விரல்கடை வெட்டிக்கொண்டு இடுக்கிலேயே விட்டோம். வால் வளர்ந்துவிடும்.

இறங்கி வந்தபோது அக்கா கேட்டாள். "இருந்துதா?" இருந்தது என்றேன். "பெறவு என்ன" என்று எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். வரும் வழியில் மேலத்தெருவில் காரை நிறுத்தச் சொன்னாள். கிணற்றை மூடி மேலே தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள். நிஷாவைக் கூட்டிப் போய், இங்கனதான் உக்காந்திருந்தேன், அந்தா அந்தச் செவரு என்று காட்டினாள். இந்த முறை நான் பேச்சை மாற்றவில்லை.

மே 4, வியாழன்

இருப்புப் பட்டியல் முடிந்தது. நிஷாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்ததை முதல்வரிடமும் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். விழாவில் உங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டாமா, சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சுருக்கமாக என்றேன்.

மே 24, புதன்

படம் வந்தது.

பொத்தைப் பல்லிகள் இரண்டும் சுவர்ப்பல்லியின் கிளையில் இல்லை. எங்கோ தள்ளி, வடக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வாழும் பல்லிகளோடு ஒரு கிளையில் இருக்கின்றன. அவற்றை நான் பார்த்திருக்கிறேன், சாம்பல் நிறமாகப் பாதி அளவில் இருக்கும், உறவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்றரை மைல் தள்ளிக் கிணற்றடியில், பார்க்க அச்சு அசலாக இருக்கும் பல்லி பல கோடி ஆண்டு தூரத்துச் சொந்தம். நானூறு மைல் தள்ளி இருப்பது பங்காளி.

பேச்சியே தனி இனம். பெயர் நிற்கிறது. கட்டுரையில் என் அறிக்கையும் வருகிறது, நான் எழுதியபடியே.

அக்காவிடம் சொன்னேன். "அப்போ நான் பிடிச்சது?"

"அது சாதாரணச் சுவர்ப்பல்லி."

"அதுக்கு என் பேரு இல்ல?"

"இல்ல. நீ பாக்காத ஒண்ணுக்குத்தான் ஒன் பேரு."

அவள் சிரித்தாள். ஒன்றரை மாதமாக அந்தச் சிரிப்பு இல்லை.

மே 31, புதன்

விழா சுருக்கமாக முடிந்தது. சந்தன மாலை, ஒரு சால்வை. மிக்சர் நமுத்திருந்தது. அக்கா வந்திருந்தாள். இத்தனை ஆண்டுகளில் இந்த அருங்காட்சியக அறைக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை. நான் கூப்பிட்டதில்லை.

கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது. ஐந்தாம் அலமாரியிலிருந்து ஆண் பல்லியை எடுத்து மேசையில் வைத்தேன். புதுச் சீட்டில் இந்தியன் இங்க் வைத்து எழுதினேன், மை காயும்வரை ஊதினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்.

"சுவர்ப்பல்லி. ஆண். மேலத்தெரு வீட்டுக் கிணற்றடி. பிடித்தவர், சு. பேச்சியம்மாள்."

இரண்டாவது முறையும் வாசித்தாள். சுருட்டிப் பாட்டிலுக்குள் இறக்கினேன். உள்ளே ஏற்கெனவே இருந்த சீட்டை அவள் விரலால் காட்டினாள்.

"பழசத் தூரப் போடலையா?"

"போடக் கூடாது. தப்பா எழுதினதும் உள்ளயேதான் இருக்கணும். இங்க அதுதான் முறை."

"அதுல யாரு பேரு இருக்கு?"

"என் பேரு."

அக்கா பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பல்லியின் இந்தப் பக்கம் ஒரு சீட்டு, அந்தப் பக்கம் ஒரு சீட்டு.

"ரெண்டு பேரும் ஒரே பாட்டில்லயா. செரி, மூடு" என்றாள்.

இந்த மூடி சரியாகப் பொருந்தியது.